மூன்று மதகு கீழே

நெதர்லாந்துக் கால்வாய்களில் படகு ஒரு மதகு இறங்கினால், அதில் இருப்பவரின் பதவியும் ஒரு படி இறங்கும். ஏறினால் ஏறும். படகு வாடகைக்கு விடும் கடையில் இதைப் பலகையில் எழுதி மாட்டியிருந்தார்கள். எங்கள் பொது மேலாளர் சென்னியப்பன் பலகைகளைப் படிப்பதில்லை. அதெல்லாம் கீழே இருப்பவர்கள் படிப்பதற்கு என்பது அவர் எண்ணம்.

கோயம்புத்தூரிலிருந்து பம்பு செட் விற்க அங்கே போன கம்பெனி எங்களுடையது. பொது மேலாளர், மேலாளர், அதிகாரி, பயிற்சி ஊழியர் என்று நான்கு பதவிகள். நடுவில் இரண்டும் காலி. நான் கடைசி. என் பயிற்சிக் காலம் அன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது. நீட்டிப்புக் கடிதத்தில் பொது மேலாளர் கையெழுத்துப் போடாவிட்டால் ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான். கடிதத்தில் பெயர் கிடையாது, ‘பயிற்சி ஊழியர்’ என்று மட்டும் இருக்கும். பயிற்சி ஊழியர்களுக்குப் பெயர் உண்டு என்பதை அவர் கேள்விப்பட்டதில்லை. அன்று அவர் உல்லாசப் படகில் போவதாக இருந்ததால், கடிதத்தோடு நானும் போனேன்.

ஏறியதுமே நீட்டினேன். விடுமுறையன்று பேனாவைத் தொட்டால் தன் அந்தஸ்து என்னாவது என்று கேட்டார். பிறகு சாய்வு நாற்காலியில் கால் நீட்டிப் படுத்து, கரையில் படுத்திருந்த மாடுகளுக்குக் கையசைத்தார். அவை எழுந்து நிற்காததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

முதல் மதகு வந்தது. இரண்டு கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்தித் தண்ணீரை வடிப்பார்கள். படகு மெல்லக் கீழே போகும். அதுவரை ஒருவர் கரையில் நின்று கயிற்றை விட்டுக்கொடுக்க வேண்டும். கரையில் நிற்பவரின் பதவி இறங்கவும் இறங்காது, ஏறவும் ஏறாது. பிறகு அவர் ஏணி வழியாகப் படகுக்கு வரலாம். ஏணி கணக்கில் சேராது.

“கயித்த நானா புடிக்கறது? போய் நில்லு போ,” என்றார்.

நின்றேன். தண்ணீர் வடிந்ததும் மதகுக்காரர், தூண்டிலில் தொங்கிய மரச்செருப்புக்குள் வைத்து ஒரு விசிட்டிங் கார்டை இறக்கினார். சென்னியப்பன், மேலாளர். அட்டை நல்ல கெட்டி என்று பாராட்டிவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இரண்டாவது மதகில், கயிற்றை நீங்களே பிடித்தால் பதவி தங்கும் என்று சொல்லிப் பார்த்தேன். எனக்கே யோசனையா என்றார், அதிகாரியானார். மூன்றாவதில் பயிற்சி ஊழியரானார். கடிதத்தில் கையெழுத்துப் போடும் தகுதி அப்போது உலகத்தில் யாருக்கும் இல்லை.

வந்த வழியே திரும்ப வேண்டும். கயிற்றை யார் பிடிப்பது என்ற பேச்சு வந்தது. நான் வேலையில் சேர்ந்து பதினோரு மாதம். அவர் சேர்ந்து இருபது நிமிடம். கயிற்றை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். அடுத்த மதகு தாண்டியதும், உள்ளங்கை கன்றிப்போனதாகக் காட்ட வந்தார். நான் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாற்காலியில் படுத்தால் அடுத்தவன் உள்ளங்கை கண்ணுக்குத் தெரிவதில்லை.

கீழ் மதகிலேயே ஒரு வாத்தும் எங்களோடு உள்ளே வந்திருந்தது. மூன்று மதகுகளிலும் கூடவே ஏறியது. ஒவ்வொரு முறையும் மரச்செருப்பில் இரண்டு கார்டுகள் வந்தன.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது துறைக்கு வந்தோம். நான் பொது மேலாளர். கடிதத்தில் சொன்ன பயிற்சி ஊழியர் இப்போது சென்னியப்பன். என்னிடம் வாங்கி வைத்திருந்த அதை இரண்டு கையாலும் நீட்டினார்.

“சார், ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா ஊருக்குப் போகாம தப்பிச்சுக்குவேனுங்க.”

அரை நிமிடம் பாவமாக இருந்தது. பிறகு பதவி நினைவுக்கு வந்தது. மேலாளர் பதவி காலியாக இருந்தால் நான் நேரடியாகப் போடலாம். இப்போது காலியில்லை, ஒன்றுமில்லாமல் உள்ளே வந்து மூன்று மதகு ஏறியவர் படகின் பக்கத்திலேயே மிதந்துகொண்டிருந்தார். அவருடைய பரிந்துரை வேண்டும்.

சென்னியப்பன் மண்டியிட்டுக் கடிதத்தைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டினார். மேலாளர் அதை முழுக்கப் படித்தார். இறகை ஒருமுறை கோதிக்கொண்டார்.

“இந்தாளு கயிறு புடிச்சது செரியில்லீங்க, சார்,” என்றார் என்னிடம்.

மணி ஐந்தடித்தது.