கோவாட் எழுதாத பாட்டு

என் கணவர் வூ தியெப் பெய்ஜிங்குக்குத் தூதராகப் புறப்பட்ட ஆண்டில் எங்கள் தலைநகர் தாங்லாங் முழுக்கப் படித்தவர்கள்தான். ஒரு காரியத்துக்கு உதவுகிறவர் ஒருவரும் இல்லை. இப்போது அவர் இல்லை. அவருடைய நண்பர்கள் இருக்கிறார்கள், தினமும் வருகிறார்கள்.

அவர் எல்லையைத் தாண்டிய அடுத்த மாதம் என் மாமியார் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். பெற்றவள் இறந்த செய்தி காதில் விழுந்தால் மகன் அந்த நிமிஷமே பதவியை இறக்கி வைத்துவிட்டு, வீடு திரும்பித் துக்கம் காக்க வேண்டும். ஆனால் அவர் கையில் மன்னரின் ஓலை இருந்தது. பாதி வழியில் திரும்பினால் தலை தப்பாது. தெரிந்தும் திரும்பாமல் இருந்தால் வாழ்நாள் முழுக்கத் தன்னைத் தானே தின்றுகொண்டிருப்பார். அரண்மனையிலிருந்தும் ஆள் வந்து, தூது முடியும்வரை யாரும் மூச்சு விடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் சொல்லாவிட்டாலும் எனக்கு அதே எண்ணம்தான்.

அரசாங்க அஞ்சலில் பெண்கள் கடிதத்துக்கு இடம் கிடையாது. அவருக்கு எழுதியதெல்லாம் இரண்டு பேர்: வரலாற்று அலுவலகத்துக் கோவாட், பாடசாலை ஆசிரியர் ஹான். என் மாமியார் வேகவைத்த ஒட்டரிசிச் சோற்றை இருபது வருஷம் சாப்பிட்டவர்கள். என் கணவரோடு சேர்ந்து அண்ணன் தம்பி என்று சத்தியம் செய்துகொண்டவர்கள். அவர் எந்த ஊரில் வேலையாக இருந்தாலும் கடிதத்தோடு ஒரு பாட்டு வரும். அதன் வரிகள் எந்தச் சொற்களில் முடிகின்றனவோ, அதே சொற்களில் முடித்து இவர்கள் பதில் பாட்டு அனுப்புவார்கள். ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

முதல் கடிதம் வந்தது. ஆற்றுப் படகுகளைப் பற்றி ஒரு பாட்டு. கீழே ஒரு வரி: அம்மாவின் இருமல் எப்படி இருக்கிறது?

இருவரும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து பதில் எழுதினார்கள். அம்மா நலம் என்று எழுதினார்கள். காகித விலை, யாருடைய மகன் பரீட்சையில் தேறினான், எந்தக் கோயிலின் கூரை ஒழுகுகிறது, எல்லாம் எழுதினார்கள். பாட்டு மட்டும் இல்லை. அவர்களும் பிள்ளைகள் முறையில் துக்க வெள்ளை கட்டியிருந்தார்கள்; வெள்ளை கட்டியவன் பாட்டு எழுதலாகாது.

"பாட்டு இல்லாமப் போனா அவருக்குச் சந்தேகம் வராதா தம்பி?" என்றேன்.

"வரும் அண்ணி," என்றார் கோவாட். "ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

"அம்மா நல்லா இருக்காங்கன்னு பொய் எழுதறதுக்கு?"

"அது அரச கட்டளை."

"அப்போ பொய் எழுதலாம், பாட்டு எழுதக்கூடாது."

"சரியாப் புரிஞ்சுக்கிட்டீங்க," என்றார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. ஹான் அதற்குள் சடங்கு நூலைப் பிரித்து, சத்தியத்தால் வந்த பிள்ளைகள் எத்தனை மாதம் துக்கம் காக்க வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார்.

கடிதம் பாட்டில்லாமல் போனது. பல மாதம் கழித்துப் பதில் வந்தது: கோவாட்டுக்குக் கை முறிந்துவிட்டதா? கூடவே இன்னொரு பாட்டு. மறுபடியும் அம்மாவின் இருமல்.

இந்தத் தடவையும் இருவரும் உரைநடையிலேயே நாலு பக்கம் எழுதி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்க எழுந்தார்கள். உறையை ஒட்டுவது என் வேலை. எனக்கும் பாட்டுக் கட்ட வரும்; அது என் கணவருக்குத் தெரியும். ஒட்டுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, கோவாட்டின் கையெழுத்தில், கோவாட்டைப் போலவே பாட்டு எழுதினேன். அவர் பாட்டில் நிலா வராமல் இருக்காது, வைத்தேன். காட்டு வாத்தும் வரும்; அதையும் பறக்கவிட்டேன். மருமகளாகிய நான் எல்லாரையும்விடக் கனமான வெள்ளை உடுத்தியிருந்தேன். தவறு என்று அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை.

பதிலைக் கோவாட்டே சத்தமாகப் படித்தார். "கோவாட்டின் பாட்டு கிடைத்தது. நிலா வழக்கம்போல் வந்து சேர்ந்தது. இருபது வருஷமாக ஓடுகிறது, அதற்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கச் சொல்லுங்கள்."

படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். புரிந்துவிட்டது. முறை கெட்டதைப் பற்றி ஹான் நீளமாகப் பேசினார். கோவாட் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"அண்ணி, நான் இவ்வளவு மோசமாவா எழுதறேன்?"

ஹான் சட்டென்று பேச்சை நிறுத்தி வெற்றிலைத் தட்டைப் பார்த்தார். எனக்கு அதைப் பற்றியெல்லாம் கவலை இல்லை. என் கணவர் கிண்டல் செய்கிறார் என்றால் அம்மா போனது அவருக்குத் தெரியாது. நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த ஆண்டு தூது முடித்து வந்தவரை எல்லையிலேயே நிறுத்தி விஷயத்தைச் சொன்னார்கள். முரட்டு வெள்ளைத் துணியில் வீட்டுக்குள் வந்தார். அம்மாவுக்குப் படையல் வைக்கும் பீடத்தின் முன் விழுந்து கும்பிட்டுவிட்டு, அடுப்படியில் என்னருகே வந்து உட்கார்ந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். பெய்ஜிங்கில் எந்த விருந்திலும் கறியும் மதுவும் தொடவில்லை, வயிறு சரியில்லை என்றே சொல்லிவந்தார் என்று துணைத் தூதர் வாசலில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"எப்பத் தெரிஞ்சது?" என்று கேட்டேன்.

"பாட்டு வந்தப்ப. அஞ்சாவது வரி நல்லா இருந்துச்சு. கோவாட்டுக்கு அப்படி வராது."

அந்த வரி: இந்த வீட்டில் இவ்வளவு அமைதியான இலையுதிர் காலம் இருந்ததே இல்லை. எவ்வளவு மோசமாக எழுத முயன்றும் அது ஒன்று தப்பி விழுந்துவிட்டது.

"உன் வரின்னு தெரிஞ்சது. நீ எழுத வேண்டி வந்துச்சுன்னா அவங்க ரெண்டு பேராலயும் எழுத முடியலன்னு அர்த்தம். எதுக்கு எழுத முடியாதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் எதுக்கு அந்த நிலாக் கிண்டல்?"

"தெரிஞ்சுபோச்சுன்னு எழுதினா நான் திரும்பி வரணும். பேசாம இருந்தா நீ பயந்து இன்னொரு பாட்டு அனுப்புவ. எட்டு வரியும் நல்லா வந்துட்டா, கூட இருந்தவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்."

நான் அவரிடமிருந்து மறைத்ததை, அவர் என்னிடமிருந்து மறைத்திருக்கிறார். ஓர் ஆண்டு முழுக்கத் தனியாக, விருந்துகளுக்கு நடுவே. எரிச்சலும் அழுகையும் ஒன்றாக வந்தன. எங்கள் பேச்சு காதில் விழுந்து, வெளியே பீடத்தின் முன் கோவாட்டும் ஹானும் ஆரம்பித்திருந்தார்கள்: துக்க நாளைக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து எண்ணுவதா, எல்லையில் சொன்ன நாளிலிருந்தா?

போன ஆண்டு அவரும் போய்விட்டார். இப்போது அவருடைய தூதுப் பாட்டுகளைப் மரப்பலகையில் செதுக்கி அச்சிட்டுப் புத்தகமாக்குகிறார்கள். அந்தப் பதில் பாட்டும் அதில் இருக்க வேண்டும், தன் பெயரிலேயே இருந்தால் எனக்குக் கெட்ட பெயர் வராது என்றார் கோவாட். நல்ல மனுஷன். சரி என்றேன். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"அண்ணி, அந்த நிலாவ மட்டும் எடுத்துடலாமா?"

"நிலா இருக்கட்டும் தம்பி. அவர் அதைத் திட்டினது அடுத்த பக்கத்துலயே வருது."

நான் மறுபடி வெள்ளையில் இருக்கிறேன். பாட்டு எனக்கு இன்னும் கூடாது. இது பாட்டு இல்லை. வேண்டுமானால் ஹான் நூலைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளட்டும்.