முப்பத்துநாலு இஞ்ச்

என் புருஷனோட இடுப்பு முப்பத்துநாலு இஞ்ச். கல்யாணத்தன்னிக்கும் முப்பத்துநாலு, பதினாறு வருஷம் கழிச்சு இன்னிக்கும் முப்பத்துநாலு. ஊர் பூரா இதைச் சொல்லிக்கிட்டுத் திரியறார் மனுஷன். பஸ் டிரைவர். டிப்போவுல அவருக்கு இன்னும் ஊசின்னுதான் பேர். எல்லாம் என் கைங்கரியம். நான் டெய்லர்.

முதல் தடவை யூனிஃபார்ம் பேண்ட் இடுப்புல சேரலைன்னதும் ரெண்டு நாள் இடிஞ்சு போய் உட்கார்ந்துட்டார். அவங்கப்பாவும் டிரைவர்தான், நல்ல தொந்தி. ஐம்பத்தொண்ணு வயசுல ஒரு காலைல பல் விளக்கிக்கிட்டிருந்தவருக்கு வாய் கோணிச்சு, ஒரு பக்கம் விழுந்துடுச்சு. அப்புறம் ஒன்பது வருஷம் படுத்த படுக்கை. "நானும் அப்பா மாதிரி ஆயிடுவேனா?"ன்னு இவர் கேட்டப்போ எனக்கு மனசு கேக்கலை. அவர் குளிக்கப் போன நேரம் பின் தையலைப் பிரிச்சு அரை இஞ்ச் விட்டேன். மாட்டிப் பார்த்தார். "பாத்தியா, அதே முப்பத்துநாலு." முகத்துல அப்படி ஒரு சந்தோஷம்.

அப்படியே பழகிப் போச்சு. பதினோரு வருஷமா அரை அரையா விட்டேன். உள்ளே மடிச்ச துணி தீர்ந்ததும் ஒட்டுப் போட்டேன். புது பேண்ட் வந்தாலும் அவர் மாட்டிப் பாக்கறதுக்கு முன்னாடியே பிரிச்சு விட்டுடுவேன். பெல்ட்டையும் விட்டுவைக்கலை. புதுசு வாங்கி, வழக்கமான மூணாவது ஓட்டையிலயே மாட்டற மாதிரி நானே குத்தினேன். கண்ணாடில தொந்தி தெரியத்தான் செய்யும். "வாயு"ன்னு தடவிவிட்டுக்குவார்.

போன வாரம் டிப்போவுல மருத்துவ முகாம். தாளை ஆட்டிக்கிட்டே வந்தார்.

"அஞ்சு விஷயம் பாக்கறாங்க. இடுப்பு, பிரஷர், சுகர், ரெண்டு வகைக் கொழுப்பு. அஞ்சுல மூணு சரியில்லைன்னா மாட்டினோம். மாரடைப்பு, பக்கவாதம்னு வர்றதுக்கு வாய்ப்பு ஏறிடுமாம். எனக்கு ரெண்டுதான்."

பிரஷரும் சுகரும் கோட்டைக் கொஞ்சம் தாண்டியிருந்துச்சு. இடுப்புக்கு நேரா முப்பத்துநாலு, கோட்டுக்குள்ள.

"டேப் வெச்சு அளந்தாங்களா?"

"ஒரே கூட்டம். நர்ஸம்மா கேட்டாங்க, சொன்னேன். பேண்ட் பட்டியில இருக்கற நம்பரையும் காட்டினேன். ஆறு மாசம் கழிச்சு வந்தா போதும்னுட்டாங்க."

சரியில்லாத அந்த மூணாவது எங்கே இருக்குன்னு தெரிஞ்ச ஒரே ஆள் நான். சொன்னா, இத்தனை வருஷம் ஏமாத்தினவ. சொல்லலைன்னா, அவருக்கு இப்போ நாற்பத்தொன்பது, அவங்கப்பா விழுந்த வயசுக்கு இன்னும் ரெண்டே வருஷம். நாலு நாள் வாயைத் திறந்தேன், மூடினேன். அவர் பல் விளக்கற சத்தம் ஒரு நொடி நின்னாலும் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன்.

நேத்து அவருக்கு லீவு. லுங்கியோட முடிவெட்டப் போன நேரம், இருக்கற மூணு பேண்டையும் எடுத்துப் போட்டேன். ஒட்டுத் துணியையெல்லாம் பிரிச்சு, பழைய ஊசித் துளை மேலேயே தைச்சு முடிச்சேன். நிஜ முப்பத்துநாலு.

இன்னிக்குக் காலைல முதல் பேண்டை ஏத்தினார். கொக்கி ஒரு பக்கம், வளையம் ஒரு பக்கம். ரெண்டாவது பேண்டும் அப்படியே. மூணாவதும். டியூட்டிக்கு நேரமாயிட்டிருந்துச்சு.

"துணி சுருங்கிடுச்சா?"ன்னார்.

பாவி மனுஷன், தப்பிக்க வழியையும் அவரே எடுத்துக் குடுக்கறார். ஆமான்னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு.

"சுருங்கலைங்க. இதுதான் முப்பத்துநாலு. இத்தனை வருஷமா நான்தான் பிரிச்சுப் பிரிச்சு விட்டேன்."

கட்டில்ல உட்கார்ந்துட்டார். கத்துவார்னு நினைச்சேன். மேஜை மேல இருந்த தாளையே பார்த்தார். அப்புறம் எழுந்து நின்னு ரெண்டு கையையும் தூக்கினார்.

"அள."

டேப்பைச் சுத்தினேன். வயித்தை எக்கிப் பிடிச்சிருந்தார்.

"மூச்சை விடுங்க."

விடலை. முகம் செவந்துடுச்சு. டேப்பைப் பிடிச்சபடி நானும் நின்னேன். எவ்வளவு நேரம்தான் பிடிப்பார், கடைசில விட்டுட்டார்.

நாற்பதரை.

"அப்போ மூணு"ன்னார்.

தாள்ல முப்பத்துநாலை அடிச்சுட்டு நாற்பதரைன்னு எழுதினேன். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும், ஆனா போட்டுக்கிட்டுப் போக வீட்ல ஒரு பேண்ட்கூட அவருக்குச் சேராது. மெஷின் முன்னால உட்கார்ந்து மறுபடியும் பிரிக்க ஆரம்பிச்சேன். இந்தத் தடவை அவர் பக்கத்துலயே நின்னு பார்த்துக்கிட்டிருந்தார்.