அக்கரைக்குச் சொன்ன அளவு

எல்லையோரத்தில் காற்றின் மாசை அளக்கும் நிலையத்துக்கு மூன்று வருடமாக அவள்தான் எல்லாம். இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, தினமும் காலை பத்து மணிக்கு அவள் தன் அளவைப் போனில் சொல்வாள். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் நிலையக்காரன் தன் அளவைச் சொல்வான். இருநூறைத் தாண்டிய பக்கம், தன் செங்கல் சூளைகளை அணைத்தாக வேண்டும். அவனை அவள் நேரில் பார்த்ததில்லை. இருந்தும் அக்கா, அக்கா என்று உயிரை விடுவான். மனைவியின் மூச்சிரைப்பு வரை ஒன்றுவிடாமல் சொல்வான்.

அந்தப் பனிக்காலத்தில் மேலதிகாரி தண்ணீர் லாரியோடு வந்து நின்றார்.

"மெஷினைச் சுத்தி தினமும் தண்ணி அடிக்கச் சொல்லும்மா. தூசி அடங்கிடும், அளவு இருநூறைத் தாண்டாது. உன் வீட்டுக்காரரும் சூளையிலதானே வேலை பாக்கறாரு?"

கணவன் சூளையில் தீ போடுகிறவன். அந்தச் சம்பளத்தில்தான் பாதிக் குடும்பம் ஓடியது. மறுநாள் கூரையெல்லாம் ஈரம் சொட்ட, கருவி நூற்றெண்பது காட்டியது. அதையே சொன்னாள்.

பத்தாம் நாள் அவன் குரல் கம்மியிருந்தது.

"அக்கா, இங்க சூளையெல்லாம் அணைச்சு ஒரு வாரமாச்சு. ஆனா அளவு முந்நூத்தி நாப்பது. காத்து உங்க பக்கமிருந்துதான் அடிக்குது. உங்களுக்கு நூத்தி எண்பதுன்னா மீதி எங்கேருந்து வருது? மூச்சிரைப்பு அதிகமாகி இவளை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கேன்."

"தெரியலியே தம்பி," என்றாள்.

மறுநாள் லாரிக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டாள். பத்து மணிக்கு, "முந்நூத்தி எழுபது," என்றாள். "இத்தனை நாளா தண்ணி அடிச்சு அளந்தோம் தம்பி. நான் சொன்னதெல்லாம் பொய்."

"பத்து நாள் முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா," என்று மட்டும் சொன்னான்.

இரு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து வந்து பார்த்தார்கள். நான்கே நாளில் இக்கரைச் சூளைகளும் அணைந்தன. மேலதிகாரி அவளைக் கோப்பறைக்கு மாற்றினார். வேலை போன கணவன் சட்டையைக்கூட மாட்டாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். சோறு போட்டால் தின்றான். முகம் கொடுத்துப் பேசவில்லை.

இரண்டு வாரத்தில் அக்கரையில் அளவு நூற்றுப் பத்துக்கு இறங்கியதாகக் கோப்பறையில் யாரோ சொன்னார்கள். அவள் தயங்கித் தயங்கி அக்கரைக்குப் போன் போட்டாள். எடுத்தது வேறு ஒருவர்.

"அவரு லீவுல இருக்காரும்மா. சம்சாரம் தவறிட்டாங்க. போன வாரம்தான்."

"சரிங்க," என்றாள். வெளியே வெயில் பளிச்சென்று அடித்தது. பல மாதங்களுக்குப் பிறகு அக்கரைக் கட்டடங்கள் தெளிவாகத் தெரிந்தன. அவள் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.