சுவரோரத் தொட்டி

எங்கள் பண்ணையில் மாமியார் வளர்த்த தாய்மீன்கள் ஒரு குளத்தில், நான் வளர்த்தவை இன்னொரு குளத்தில். அப்பா மீன்கள் மட்டும் இரண்டுக்கும் பொது, அவை வேறு இனம். பிறக்கிற கலப்புக் குஞ்சுகளில் யாருடைய தாய்மீன்களின் பிள்ளைகள் காற்றுக் குறைந்த தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கின்றனவோ, அந்தத் தாய்களை மட்டும் வைத்துக்கொள்வது என்று அத்தை முடிவு கட்டினார். மற்றவை சந்தைக்கு. என்னுடையவையோ என் கையிலேயே தீனி தின்னும் செல்லங்கள்.

இரண்டு தொட்டிகளில் குஞ்சுகளை விட்டுக் காற்றுக்குழாயை நிறுத்தினோம். தள்ளாடிச் சாய்கிற குஞ்சை உடனே அள்ளி நல்ல தண்ணீரில் விட வேண்டும், அவ்வளவுதான் சோதனை. என் வீட்டுக்காரர் வலையோடு நின்றார். முதலில் சாய்ந்தது என் குஞ்சு. அடுத்ததும் என்னுடையதுதான்.

"தாய் வழி அப்படி," என்றார் அத்தை, யாரிடமோ சொல்வதுபோல.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வலையைப் பிடுங்கி நானே அள்ளப் போனேன். தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. அத்தையின் தொட்டியில் கை விட்டேன். ஜில்லென்று இருந்தது.

"என் குஞ்சுங்களை வெந்நீர்க் குழாய் ஓடுற சுவரோரமா வெச்சது யாரு?"

வீட்டுக்காரர் திருதிருவென்று விழித்தார். "நான்தான். உன் குஞ்சுங்களுக்குக் குளிரக் கூடாதேன்னு..."

"தண்ணி சூடானா அதுல காத்து தங்காது, மீனுக்கும் மூச்சு வாங்கும். பண்ணையிலயே பொறந்து வளர்ந்த ஆளுக்கு இது தெரியாதா?"

அத்தை தலையில் அடித்துக்கொண்டார். "பொண்டாட்டிக்கு ஒத்தாசை பண்ற லட்சணமாடா இது!" ஆனால் போங்காட்டம் அவருக்கு ஆகாது. "இது செல்லாது. ரெண்டு தொட்டியும் நிழலுக்கு வரட்டும். புதுக் குஞ்சுங்களை விடு."

இந்த முறை அத்தையின் குஞ்சுகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. என்னுடையவை பாட்டுக்கு நீந்திக்கொண்டிருந்தன. நான் வெட்கமே இல்லாமல் கைதட்டினேன்.

அத்தை சொன்ன சொல் மாறவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு தன் குளத்துக்குக் கிளம்பினார். முகம் மட்டும் சுருங்கிப்போயிருந்தது. பாதி வழியில் நின்று மகனைத் திரும்பிப் பார்த்தார்.

"இவனுக்கும் தாய் நான்தானே. இவனையும் சேர்த்துக் கூடையில போடு."

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கூடையை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன்.

"மீனுங்களும் இருக்கட்டும் அத்தை, இவரும் இருக்கட்டும். காத்து மட்டும் கொஞ்சம் கூடுதலா விடுவோம்."