பதினான்கு புள்ளி இரண்டு

காரில் சிவப்பு விளக்கு எரிந்ததும் நான் செய்த முதல் காரியம், என் மனைவியிடம் சொல்லாமல் புது பேட்டரி வாங்கிப் போட்டதுதான். விளக்கில் பேட்டரி படம் இருந்தது. அதனால் பேட்டரிதான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். முப்பது வருடம் பதிப்பகத்தில் பிழை திருத்தியவன். கண்ணுக்கு முன்னால் இருப்பதைப் படித்துத்தான் பழக்கம். கடையிலிருந்து வீடு வரும்வரை விளக்கு எரியவில்லை. மறுநாள் காலை, மருத்துவமனைக்குப் போக வேண்டிய நாளில், மறுபடி எரிந்தது.

இனி அவளிடம் மறைக்க வழியில்லை. அவள் பஸ் டிப்போவில் இருபத்திரண்டு வருடம் எலெக்ட்ரீஷியனாக இருந்தவள். அங்கே எல்லோருக்கும் கரண்ட் அக்கா. எனக்கு அவர்கள் வைத்த பெயர் பேனா. கல்யாணமான வாரத்திலிருந்து அவளும் அப்படியேதான் கூப்பிட்டாள்.

"பேனா, பசிக்குதுன்னு சொன்னா புதுத் தட்டு வாங்கிட்டு வந்து வைப்பீங்களா?" என்றாள்.

அந்த மாதத்தில் அவள் சிரித்தது அப்போதுதான். சிரிப்பு முடிவதற்குள் மூச்சு வாங்கியது. சிறுநீரகம் இரண்டும் கெட்டு, வாரம் மூன்று முறை டயாலிசிஸ். போன முறை மருத்துவமனையில் மெஷின் மக்கர் செய்து பாதியிலேயே அனுப்பிவிட்டார்கள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. படுத்தால் மூச்சு முட்டியதால் இரண்டு நாளாக நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்கினாள். இன்று எக்காரணம் கொண்டும் தவறவிடாதீர்கள், ஒரு மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள் என்று நர்ஸ் போனில் சொல்லியிருந்தார். அன்று பார்த்து வாடகைக் கார்களும் ஒர்க்‌ஷாப்புகளும் வேலைநிறுத்தம். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். நோயாளி நினைவோடு பேசுகிறாரா என்று கேட்டார்கள். நன்றாகப் பேசுகிறார் என்றேன். அப்படியென்றால் மாலை ஆகலாம் என்றார்கள்.

நாற்காலியோடு வாசலுக்குக் கொண்டுபோகச் சொன்னாள். காரின் முன்பக்கத்தை ஒட்டி அவளை உட்கார வைத்தேன். சர்க்கரை நோய் கண்ணையும் கொண்டுபோயிருந்தது. வெளிச்சம் எது, நிழல் எது என்று மட்டும் தெரியும். அதனால் நான் படித்துச் சொல்ல வேண்டும், அவள் யோசித்துச் சொல்வாள். சில மாதங்களாக எங்கள் வீட்டில் எல்லாமே அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

அவளுடைய மீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரியில் வைத்தேன். எஞ்சின் ஓடாதபோது பன்னிரண்டு புள்ளி ஐந்து வோல்ட். எஞ்சினை ஓடவிட்டால் பன்னிரண்டு புள்ளி இரண்டு. ஹெட்லைட்டைப் போட்டதும் இன்னும் இறங்கியது. ஓடும்போது பதினாலைத் தொட வேண்டும், சுமாராகப் பதினாலு புள்ளி ரெண்டு நிற்கும் என்றாள். பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னாள். இறுக்கமாகத்தான் இருந்தது. தடித்த ஒயரின் நட்டும் இறுகியிருந்தது. அப்படியென்றால் ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரே படுத்துவிட்டது என்றாள், வெகுநாள் இழுத்துக்கொண்டு கிடந்தவரின் சாவைச் சொல்வதுபோல.

"கட்டிலுக்கு அடியில பழைய துண்டுல சுத்தி ஒண்ணு இருக்கு. எடுத்துட்டு வாங்க."

கண் நன்றாக இருந்த கடைசி வருடத்தில், உடைசல் காரிலிருந்து வாங்கி அவளே செப்புக் கம்பிக் காயில் சுற்றி, புது பிரஷ் போட்டு வைத்தது. நான் அதை இஸ்திரிப் பெட்டி என்று நினைத்திருந்தேன். துண்டைப் பிரித்து மடியில் வைத்ததும் விரலால் அதன் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, காதருகே கொண்டுபோனாள். வலது கையால் மட்டும். இடது கையில்தான் டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது, எங்கும் அழுந்தக் கூடாது, அடிபட்டால் அவ்வளவுதான்.

பேட்டரியின் மைனஸைக் கழற்று, பெல்ட்டைத் தளர்த்து, பின்னால் இருக்கும் ஒயர்களைப் பிடுங்கு, அடி போல்ட்டை எடு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பத்து நிமிட வேலைக்கு எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. அடி போல்ட் அசையவே இல்லை. ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி கிழிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ரத்தம் வருகிறதா என்று அவளே கேட்டாள். இல்லை என்றேன்.

"நகருங்க, நான் ஒரு பிடி பிடிச்சா வந்துரும்" என்று அந்த இடது கையை நீட்டினாள். நான் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தேன். தோலுக்கடியில் ரத்தம் இரைந்து ஓடுவது என் விரலுக்குத் தெரிந்தது. அவள் கையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

போல்ட் ஒருவழியாகக் கழன்றது. பழையதை எடுத்துவிட்டு அவளுடையதை வைத்து, தடித்த ஒயரைப் பூட்டினேன். பெல்ட்டை மாட்டி, இரும்புக் கம்பியால் நெம்பி இறுக்கினேன். பேட்டரியின் மைனஸைப் பூட்டிச் சாவியைத் திருப்பியபோது மணி பதினொன்றரை. எஞ்சின் ஓடியது. சிவப்பு விளக்கைக் காணோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மீட்டரை வைத்தேன்.

பன்னிரண்டு புள்ளி ஒன்று.

முனைகளைத் துடைத்து மறுபடி வைத்தேன். அதேதான்.

"எவ்வளவு?" என்றாள்.

உண்மையைச் சொன்னால் அந்தக் கையை உள்ளே விடாமல் இருக்க மாட்டாள். அது மட்டுமில்லை. அவள் கண்ணால் பார்த்துச் செய்த கடைசி வேலை அது. அது செத்துக் கிடக்கிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? முப்பது வருடத்தில் மூலத்தில் இருந்த ஓர் எண்ணைக்கூட நான் மாற்றியதில்லை.

"பதினாலு புள்ளி ரெண்டு" என்றேன்.

அவள் தலையைச் சாய்த்து எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரி. கிளம்பலாம்."

முப்பது கிலோமீட்டர். எந்த நொடியில் நிற்குமோ என்று பயந்துகொண்டே ஓட்டினேன். வெயில் அடித்தும் நான் ஏசியைத் தொடவில்லை. அவளும் போடச் சொல்லவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, காற்று நல்லாருக்கு என்றாள். முன்னால் ஒரு லாரி நகராமல் நின்றபோது ஹார்னை அழுத்தப் போனேன். அடிக்க வேண்டாம், அவனே போவான் என்றாள். பாதி வழியில், "பரவால்ல பேனா, உங்க புது பேட்டரிக்கு இன்னிக்கு வேலை வந்துருச்சு" என்றாள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

பன்னிரண்டே முக்காலுக்கு மருத்துவமனை வாசலில் நிறுத்தினேன். ஊழியர் சக்கர நாற்காலியில் அவளை உட்கார வைத்தார். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்துக் குனிய வைத்தாள்.

"ஆல்டர்னேட்டருக்குப் பின்னாடி ரெண்டு ஒயர் வர்ற சின்ன பிளக் ஒண்ணு இருக்கும். தொங்கிட்டுக் கிடக்கும், பாருங்க. மாட்டினா டக்குனு சத்தம் வரணும். காலைலேர்ந்து காத்துட்டு இருந்தேன், எனக்குக் கேக்கவே இல்ல."

"தெரிஞ்சா ஏன் வீட்டுலயே சொல்லல?"

"நீங்க நம்பர் சொன்ன குரல் சரியில்ல. அதுக்கு மேல உங்களை நோண்ட மனசு வரல. பேட்டரி புதுசு, இவ்வளவு தூரம் தாங்கும்."

நாற்காலி உள்ளே போய்விட்டது. மரநிழலில் காரை நிறுத்தி பானட்டைத் திறந்தேன். பிளக் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அது இல்லாமல் ஆல்டர்னேட்டரும் வேலை செய்யாது, எச்சரிக்கை விளக்கும் எரியாது என்று பிறகு சொன்னாள். அழுத்தினேன். டக். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒரு முறை இழுத்துப் பிடித்துக் கிளம்பியது. மீட்டரில் பதினாலு புள்ளி ரெண்டு. நான்கு மணி நேரம் கழித்து வெளியே வந்தவளிடம் அந்த எண்ணைச் சொன்னேன். என் குரலைக் கேட்டுவிட்டுத் தலையசைத்தாள்.

கார் அதற்குப் பிறகு ஒரு நாளும் தகராறு செய்யவில்லை.

மூன்று மாதம் கழித்து அவளுக்கு இதயத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்கு அழைத்து, இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வசதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அவளிடம் தானே பேசட்டுமா என்று கேட்டார். நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். காரில் ஏறியதும் அவள் ரிப்போர்ட்டைப் படிக்கச் சொன்னாள். இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் அளவு நூற்றுக்கு இத்தனை என்று ஒரு வரி இருந்தது. பதினெட்டு என்று அச்சடித்திருந்தது; பக்கத்திலேயே, ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டும் என்றும்.

"நாப்பத்தஞ்சு" என்றேன்.

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. எந்த ஒயரையாவது பார்க்கச் சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"சரி. கிளம்பலாம்" என்றாள்.