சமையலறையிலிருந்து மகளின் அறை வரை

மகளுக்குப் பதின்மூன்று வயது நிறைந்த வாரத்தில், டைல்ஸ்காரர் வீட்டில் சமையலறையிலிருந்து அவள் அறைக்குப் போகும் நடைவழி ஒரு சாண் நீண்டது. முதலில் கண்டுபிடித்தது அப்பாதான். கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். ஊரில் பாதி வீடுகளுக்குத் தரை போட்ட மனிதர் அவர், தன் வீட்டுக்கும் சுவரிலிருந்து சுவர் வரை தன் கையாலேயே டைல்ஸ் ஒட்டியிருந்தார். மகளின் அறை வாசலை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்கு வெறும் சிமெண்ட் தெரிந்தபோது அவர் வீட்டைச் சந்தேகப்படவில்லை, தன்னைத்தான் சந்தேகப்பட்டார். கண் மங்குகிறது, அளவு தப்பியிருக்கிறது, இத்தனை வருஷம் யார் வாயிலும் விழாமல் தப்பித்ததே பெரிய விஷயம் என்று நினைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மிச்சம் கிடந்த டைல்ஸை அறுத்து இடத்தை நிரப்பினார். அடுத்த ஞாயிறு பார்த்தால் அதற்கப்பால் இரண்டு சாண் வெறும் தரை இருந்தது.

அந்த மாதம்தான் மகளுக்கு ஃபோன் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். பாடமெல்லாம் இனிமேல் அதில்தான் வரும் என்று பள்ளியில் சொல்லிவிட்டதால் மறுக்க வழியில்லை. அவள் சின்ன வயதில் யார் மடியிலும் ஐந்து நிமிஷம் தங்கியதில்லை என்பதால் வாலு என்ற பெயர் வீட்டில் நிலைத்திருந்தது. ஃபோன் வந்த பிறகு வாலு ஒரு இடத்தில் உட்கார்ந்தாள். பல் ஆஸ்பத்திரியில் முன்மேசையில் வேலை பார்த்த அம்மாவுக்கு முதல் சில வாரம் அதில் உள்ளூர நிம்மதிகூட இருந்தது. நாள் முழுக்கக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களின் முனகலைக் கேட்டுவிட்டு வருகிற பெண்ணுக்கு, வீடு சத்தமில்லாமல் இருப்பது வேண்டித்தான் இருந்தது. பிறகுதான் நடைவழி விஷயம் தெரிந்தது.

வளர்வது நிற்கவில்லை என்று தெரிந்ததும் டைல்ஸ்காரர் பழக்கத்துக்கு வந்துவிட்டார். பாதியில் விட்ட தரையைப் பார்த்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. வேலை பார்க்கிற இடங்களில் மிஞ்சுகிற துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்து, ஞாயிறு தோறும் லெவல் பார்த்து, ரப்பர் சுத்தியலால் தட்டி, இணைப்புகளுக்குப் பவுடர் பூசி முடித்தார். அதனால் அந்த நடைவழியில் நடந்தால் ஊரின் குளியலறைகளும் வரவேற்பறைகளும் வரிசையாக வரும். வக்கீல் வீட்டுப் பழுப்பு, நகைக்கடை மாடிப்படியின் கறுப்பு, யாரோ ஆசைப்பட்டு வாங்கிப் பிறகு வேண்டாம் என்று ஒதுக்கிய பச்சைப் பூ. அம்மா சமையலறை வாசலில் நின்று சாப்பிடக் கூப்பிட்டால் குரல் பச்சைப் பூ வரைக்கும்தான் போகும். அப்புறம் அவளும் ஃபோனில்தான் கூப்பிட்டாள். செய்தி மட்டும் எவ்வளவு தூரமானாலும் உடனே போய்விடும். இதில் இன்னொரு விசேஷம், தூரமெல்லாம் அவளிடம் போகிறவர்களுக்குத்தான். வாலு நினைத்தால் ஒரு நொடியில் சமையலறைக்கு வந்து, தட்டை எடுத்துக்கொண்டு, அடுத்த நொடி போய்விடுவாள். காலையில் பையோடு அவர்களைக் கடந்து வாசலுக்குப் போவதை, காற்றில் காலண்டர் ஆடுவதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து டேப் பிடித்துப் பார்த்தார். வெளியிலிருந்து வீடு பழைய அளவேதான், வரியில் மாற்றமில்லை என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். தெருவில் இருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் அறை தெரிந்தது, ஆனால் கட்டிலும் அதன் மேல் உட்கார்ந்திருந்த வாலுவும் பெருவிரல் அளவில் எங்கோ தொலைவில் இருந்தார்கள், தட்டினால் கேட்காது. பள்ளியில் பெற்றோர்களைக் கூட்டி, இது இந்த வயதில் நடப்பதுதான், சில வீடுகளில் வளைவுகூட விழும், பொறுமையாக இருங்கள் என்றார்கள். பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரருக்கு மாடியில் மகன், அங்கே படிக்கட்டு வளர்ந்துகொண்டிருந்தது. தெருவில் மூன்று பேர் சேர்ந்தால் எல்லாரும் அவரவர் வீட்டுத் தூரத்தைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். யாருடையது அதிகம் என்பதில் சின்னப் போட்டியும் இருந்தது.

வாலுவுக்குப் பதினைந்து ஆனபோது பள்ளி விழா ஒன்று நடந்தது, அவள் மேடையேறிப் பேசினாள் என்று கேள்விப்பட்டார்கள். அந்த வாரத்துக்குப் பிறகு நடைவழி சாண் கணக்கில் வளர்வதை விட்டுவிட்டுத் தெருக் கணக்கில் வளர ஆரம்பித்தது. டைல்ஸ்காரர் ஒட்டி ஒட்டி மாளவில்லை. முழங்கால் இரண்டும் வீங்கின. வேலையிலும் மண்டியிட்டு, வீட்டிலும் மண்டியிட்டு, நிமிர்கிற நேரம் தூங்கும்போதுதான். அம்மா பாதி வழியில் ஒரு நாற்காலியும் ஃப்ளாஸ்க்கும் வைத்தாள். அங்கே போய் உட்கார்ந்து, அங்கிருந்து ஒரு செய்தி அனுப்பி, 'ம்' என்று பதில் வந்ததும் திரும்பிவிடுவாள். "நான் பெத்த புள்ளையப் பார்க்க எனக்கு லீவு போடணும்போல இருக்கு" என்று ஒரு நாள் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படுகிற தெம்பெல்லாம் எப்போதோ போய்விட்டிருந்தது.

மருந்துக்கடைக்காரர் வீட்டில் மட்டும் படிக்கட்டு பாதிக்குமேல் குறைந்துவிட்டது என்று அந்தச் சமயத்தில்தான் தெரியவந்தது. டைல்ஸ்காரர் வெட்கத்தை விட்டுப் போய்க் கேட்டார். "நாங்க ஒண்ணும் பண்ணலண்ணே" என்றார் அவர். "சோம்பேறித்தனம்தான். புதுசா வந்த படியைப் பூசாம அப்படியே விட்டுட்டோம். சில வாரம் கூடுது, சில வாரம் குறையுது. பூசாத படிதானே, அது பாட்டுக்கு உள்ள போயிடுது." டைல்ஸ்காரர் வீட்டுக்கு வந்து நடைவழியின் முனையில் நின்றார். நேர்க்கோட்டில், ஒரு மயிரிழை ஏற்ற இறக்கம் இல்லாமல், கண்ணுக்கெட்டும் வரை அவர் ஒட்டிய தரை. வீடு தானாகச் சுருங்க நினைத்த போதெல்லாம் அவர் போய் அதை இறுக்கி நிரந்தரமாக்கியிருந்தார். உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போய்ப் பெயர்க்கப் பார்த்தார். அவர் ஒட்டியது எந்த வீட்டிலும் பெயர்ந்ததில்லை, இங்கேயும் பெயரவில்லை. உளி முனைதான் மழுங்கியது. அன்றைக்கு அவர் அழுதார், அழுததை முழங்கால் வலி என்று மனைவியிடம் சொன்னார்.

தரையை ஒன்றும் செய்ய முடியாது என்றானதும் அவர் கை ஃபோனுக்குப் போனது. கோடை விடுமுறை தொடங்கிய நாள், வாலு தட்டெடுக்க வந்த நொடியில் மேசைமேல் வைத்த ஃபோனை எடுத்துத் தன் வேலைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "கொஞ்ச நாள் இது இல்லாம இரு" என்றார். அவள் சண்டை போடுவாள் என்று தயாராகத்தான் இருந்தார். அவள் அவரையும் பையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தட்டைக்கூட எடுக்காமல் போய்விட்டாள். மறுநாள் வேலை இடத்தில் பை நாள் முழுக்க நடுங்கியது. பக்கத்தில் புதிதாக ஒட்டிய டைல்ஸ் ஒன்று அந்த நடுக்கத்திலேயே லெவலை விட்டு நகர்ந்தது, எடுத்து மறுபடி ஒட்ட வேண்டியதாயிற்று. நம்ம பொண்ணுக்கு இத்தனை சிநேகிதமா என்று அவருக்குச் சின்னப் பெருமைகூட வந்தது.

மாலையில் வீட்டுக்கு வந்தால் நடைவழிக்குக் கோடியே இல்லை. முன்பெல்லாம் அங்கே ஒரு புள்ளியாக அறை விளக்கு தெரியும், இப்போது அதுவும் இல்லை. வாலு சாப்பிட வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அறையோடு சேர்ந்த குளியலறை, குழாய்த் தண்ணீர், அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா, எல்லாம் அவள் வெளியே வர வேண்டியிருக்கக் கூடாதே என்று அவர்களே பார்த்துப் பார்த்துச் செய்து கொடுத்தவை. அம்மா கூப்பிட்டுப் பார்த்தாள், தொண்டை கட்டியது. ஃபோனில் கூப்பிடலாம் என்று பழக்கதோஷத்தில் எண்ணை அழுத்தினாள், டைல்ஸ்காரரின் பைக்குள் மணி அடித்தது. "இருந்த ஒரே வழியையும் நீங்க பையில போட்டுக்கிட்டு வந்திருக்கீங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு, தண்ணீர் பாட்டிலும் பையுமாக நடக்கத் தொடங்கினார்.

பழுப்பும் கறுப்பும் பச்சைப் பூவும் தாண்டி, மனைவியின் நாற்காலியும் தாண்டி, அவர் ஒட்டிய தரை முடிந்து, வெறும் சிமெண்ட் வந்தது. அது எவ்வளவு நேரம் போனது என்று அவருக்கே தெரியாது. உட்கார்ந்தார், எழுந்தார், ஒருமுறை அப்படியே படுத்துத் தூங்கினார். திட்டிக்கொண்டே நடந்தார். முதலில் அவளை, பிறகு ஃபோனைக் கண்டுபிடித்தவனை, கடைசியில் திட்ட ஆள் இல்லாமல் தன்னை. கதவு வந்தபோது அது கதவு என்பதே கொஞ்ச நேரம் உறைக்கவில்லை. தட்டினார். திறந்தவள் இளைத்திருந்தாள், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவரைவிட உயரமாக வளர்ந்திருந்தாள். இதை எப்போது கவனிக்காமல் விட்டோம் என்று அவருக்குப் புரியவில்லை.

"இந்தாம்மா, உன் ஃபோன். அப்பா பண்ணது தப்புதான்" என்று நீட்டினார்.

அவள் வாங்கிக்கொள்ளவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். ஃபோன் அவர் கையில் நடுங்கியது, அவள் ஒரு அடி பின்னால் போனாள். கரப்பான்பூச்சிக்குக்கூடப் பயப்படாத பெண் அது. டைல்ஸ்காரர் கையிலிருந்த ஃபோனைப் பார்த்தார். இது அவளைக் கட்டிப் போட்டிருக்கிறது என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தார். இது அவளைத் துரத்திக்கொண்டிருக்கிறது என்று தோன்றவே இல்லை.

"யாரும்மா இவ்வளவு நேரம் கூப்பிடறாங்க?"

"கிளாஸ்ல எல்லாரும்தான்."

"என்னவாம்?"

அவள் கடைசியில் ஃபோனை வாங்கி, விரலால் திறந்து, அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். "பாருங்க" என்றாள். அவர் சட்டைப் பையைத் தடவினார். கண்ணாடி சமையலறையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருந்தது. போய் எடுத்து வருகிற தூரமா அது.

"கண்ணாடி இல்லம்மா. நீயே படி."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாசல்படியில் உட்கார்ந்தாள், அவரும் முழங்காலை நீட்டிப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் படித்தாள். மேடையில் பேச்சு மறந்து வாய் திறந்தபடி அவள் நின்றதை யாரோ படம் பிடித்து, அந்த இடத்தை மட்டும் வெட்டி, திரும்பத் திரும்ப ஓடுகிற மாதிரி செய்திருந்தார்கள். தினமும் விடிந்ததும் ஒருவர் மாற்றி ஒருவர் அதை அனுப்புவார்கள். இன்னிக்காவது வாயை மூடிட்டியா. ஈ போயிடுச்சா உள்ள. ஸ்கூலுக்கு வராதே, பல்லு தெரியுது. முதல் சிலவற்றைப் படிக்கும்போது அவள் குரல் உடைந்தது, நிறுத்தினாள், மறுபடி படித்தாள். ஒரு கட்டத்துக்குமேல் வருகைப் பதிவு வாசிப்பதுபோல் வந்தது. விழா நாளிலிருந்து சேர்ந்த செய்திகள், ஏகப்பட்டது. படித்து முடித்தபோது அவளுக்குத் தொண்டை வறண்டிருந்தது, அவர் பாட்டிலைக் கொடுத்தார்.

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா நீங்களும் அதைப் பார்ப்பீங்கல்ல."

அதற்குத்தான் அவ்வளவு தூரம் போயிருக்கிறாள். டைல்ஸ்காரர் தன் கையைப் பார்த்தார், சிமெண்ட் வெடித்த கை, அதை அவள் தலையில் வைத்தார். அவள் தலையை நகர்த்திக்கொள்ளவில்லை. பிறகு அம்மாவுக்கு ஒரு செய்தி அனுப்பினாள், 'அப்பாகூட வர்றேன், லேட்டாகும்' என்று. தனியாகக் கிளம்பியிருந்தால் ஒரு நொடியில் போயிருப்பாள். அவரோடு நடந்ததால் அவருடைய தூரம் முழுவதையும் நடந்தாள். நகைக்கடைக் கறுப்பில் கால் நீட்டி உட்கார்ந்தபோது, "இது எந்த வீட்டோடது?" என்று கேட்டாள், அவர் சொன்னார். சமையலறையில் அம்மா இருவரையும் பார்த்தாள், தட்டு வைத்தாள். அவர்கள் சாப்பிடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் கழுவினாள், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

பள்ளி திறந்ததும் மூன்று பேருமாகப் போனார்கள். சிலர் மன்னிப்புக் கேட்டார்கள், சிலருடைய பெற்றோர் இதெல்லாம் பிள்ளைகள் விளையாட்டு என்றார்கள். செய்திகள் குறைந்தன, அடியோடு நிற்கவில்லை. நடைவழி இன்றுவரை ஒரு சாண்கூடச் சுருங்கவில்லை. நன்றாக ஒட்டிய தரை, அது அப்படித்தான் இருக்கும். கடைசியில் இருக்கிற வெறும் சிமெண்டை மட்டும் டைல்ஸ்காரர் தொடவில்லை, தொட வேண்டும் என்று கை பரபரக்கும்போது மனைவி ஒரு பார்வை பார்ப்பாள். வர முடிகிற நாட்களில் வாலு தானே வந்து மேசையில் உட்கார்ந்துவிடுவாள். முடியாத நாட்களில் ஃபோன் அடிக்கும். "அப்பா, வர்றீங்களா?" என்பாள், காரணம் சொல்ல மாட்டாள். அவர் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொள்வார், மனைவி பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொடுப்பாள், மறுநாள் வேலைக்கு வர முடியாது என்று மேஸ்திரிக்குச் சொல்லிவிட்டுப் புறப்படுவார்.