குறைந்துபோன இருபது மில்லிகிராம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்பீர்கள். இது அந்த ரகப் பொய் இல்லை. ஒரு கோடு போட்ட நோட்டில், நீல மையில், பன்னிரண்டு நாள் தொடர்ந்து நான் எழுதிய ‘80’ என்ற எண். அந்த எண்பது உண்மையாக இருந்திருந்தால் நான் நிம்மதியாக வேறு ஏதாவது காதல் கதை எழுதிக்கொண்டிருப்பேன்.

எழுதும் நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு ஏழு வயது. முன்பல்லில் ஒரு மூலை உடைந்திருப்பதால் வீட்டில் அவள் பெயர் சில்லு. சில்லுவுக்கு வேர்க்கடலை ஆகாது. ஆகாது என்றால் வயிறு உப்புசம் என்று நினைக்காதீர்கள். மூன்று வயதில் யாரோ அன்பாகக் கொடுத்த பிஸ்கட்டில் ஒரே ஒரு கடி. பத்து நிமிடத்தில் உதடு வீங்கி, மூச்சு விசிலடித்து, ஆம்புலன்ஸில் நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு போனேன். அவள் கையில் பிடிக்க இடம் இல்லை, முழுக்க ஊசிகள்.

இப்போது அதற்கு ஒரு சிகிச்சை. அதே கடலையின் மாவைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் தொடங்கி, தினமும் வாய்வழியாகக் கொடுத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருத்துவமனையில் வைத்து அளவைக் கூட்டி, உடம்பைப் பழக்குவது. மாவு உள்ளே போன பிறகு இரண்டு மணி நேரம் ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, வெந்நீரில் குளிக்கக்கூடாது, தூங்கவும் கூடாது. அந்த இரண்டு மணி நேரமும் நான் எதிரே உட்கார்ந்து அவளைப் பார்க்க வேண்டும். பார்த்துக்கொண்டே எழுதுகிறேன். ஆகவே இந்தக் கதை மாலை நான்கரைக்கும் ஆறரைக்கும் நடுவில்தான் வளரும். அவள் இருமினால் வாக்கியம் அப்படியே

(ஒன்றுமில்லை. வாழைப்பழம் தொண்டையில் நின்றது. தண்ணீர் குடித்தாள்.)

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: “தராசு என்பது நீதியின் கண்.” அடித்துவிட்டேன். பட்டிமன்றத்தில் கைதட்டு வாங்கலாம், கதைக்கு உதவாது.

இரண்டாவது: “நடுங்கும் கையோடு அந்தத் தாய் கரண்டியிலிருந்து கொஞ்சம் மாவைத் தட்டிவிட்டாள். யாரும் பார்க்கவில்லை.” இது பிடித்திருந்தது. இதை வைத்து ஆறு பக்கம் ஓட்டினேன். அந்தத் தாய்க்கு வேர்த்தது, அழுதாள், குறைத்த இருபது மில்லிகிராமை மறைத்துப் பொய்யாக நோட்டில் எழுதினாள். எனக்கே அவள்மீது பரிதாபம் வந்தது. ஒரே குறை, அந்தத் தாய் அதைச் செய்யவில்லை.

மூன்றாவது தொடக்கம்தான் நீங்கள் இப்போது வாசிப்பது.

3

என் தொழிலைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். கதைக்காக வைத்தது என்பீர்கள். நான் கடை கடையாகப் போய்த் தராசு சோதிப்பவன். பெட்டியில் பித்தளை எடைக்கற்கள், பஞ்சு, இடுக்கி. விரல் பட்டால் எண்ணெய் ஒட்டும், எண்ணெய்க்கும் எடை உண்டு. அதனால் எடைக்கல்லைக் கையால் தொடமாட்டேன். தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டுகிறவன், பொட்டலத் தாளையும் சேர்த்து நிறுக்கிறவன், முள் நிற்பதற்குள் எடுத்துவிடுகிறவன் எல்லாரையும் பார்த்தாயிற்று. “சார், அஞ்சு கிராம்தானே” என்பார்கள். அஞ்சு கிராம் ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் என்று நான் திருப்பிக் கேட்பேன். அபராதம் எழுதுவேன், தராசுக்கு முத்திரை வைத்துப் பூட்டுவேன். வீட்டுக்கு வந்து அதைச் சில்லுவிடம் பெருமையாகச் சொல்வேன்.

மருத்துவமனையில் மாவை நிறுத்துச் சின்னச் சின்னப் பொட்டலமாகத்தான் தருவார்கள். எல்லாப் பெற்றோரும் வாங்கிக்கொண்டு போவார்கள். என்னால் முடியுமா? வீட்டில் மில்லிகிராம் காட்டும் என் மின்தராசில் மூன்று பொட்டலத்தை நிறுத்தேன். ஒன்றில் இரண்டு மில்லிகிராம் கூடுதல். மறுமுறை போனபோது டாக்டர் முன்னால் என் தராசை மேசையில் வைத்து நிரூபித்தேன். அந்த வேறுபாடு ஒன்றும் செய்யாது என்று அவர் பொறுமையாகச் சொன்னார். நான் விடவில்லை. கடைசியில், “உங்க தொழில் இது, நீங்களே நிறுத்துக்குங்க” என்று மாவை டப்பாவாகக் கொடுத்துவிட்டார். அன்று வீட்டுக்கு வரும்வரை எனக்குத் தலை கால் புரியவில்லை.

வேலியே பயிரை மேய்ந்தது அதற்குப் பிறகுதான்.

4

எண்பது மில்லிகிராம் தொடங்கிய இரண்டாம் நாள், சில்லுவின் வாயைச் சுற்றித் தடிப்பு. கொசு கடித்ததுபோல நாலைந்து. வயிறு வலிக்கிறது என்று சோபாவில் சுருண்டாள். ஊசிப் பேனாவை* கையில் எடுத்து மூடியைக் கழற்றி உட்கார்ந்திருந்தேன். அரை மணியில் தடிப்பு அடங்கியது. வலியும் போனது.

(* தொடையில் குத்தினால் மூச்சுக்குழலைத் திறக்கும் மருந்து. எங்கள் வீட்டில் சாவிக்கொத்துக்குப் பக்கத்தில் தொங்கும். சாவியை மறந்து போனதுண்டு, இதை மறந்ததில்லை.)

இப்படி ஆனால் உடனே கூப்பிடுங்கள் என்று மருத்துவமனையில் ஒரு தொலைபேசி எண் கொடுத்திருந்தார்கள். கூப்பிட்டிருந்தால் அளவைக் குறைத்து, நாளைத் தள்ளியிருப்பார்கள். அங்கேதான் எனக்குச் சிக்கல். பள்ளியில் சாப்பாட்டு நேரத்தில் சில்லுவுக்குத் தனி மேசை. கதவோரம், ஒரு நாற்காலி. மற்றப் பிள்ளைகள் நீள மேசையில் தோளோடு தோள் உரசிக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவள் சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிறாள். ஒரு முழுக் கடலை அளவு தாங்கிவிட்டால் டாக்டர் கடிதம் தருவார், நீள மேசையில் உட்காரலாம். புது வகுப்பு தொடங்கும்போது தன் நாற்காலியை எந்த இடத்தில் போடுவாள் என்று படமே வரைந்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறாள்.

எனக்கு மாவைப் பார்த்தாலும் பயம், நாள் தள்ளிப்போனாலும் பயம். ஆகவே ரொம்ப புத்திசாலித்தனமாக, தட்டில் அறுபது நிறுத்து, நோட்டில் எண்பது எழுதினேன். ஒரு நாள்தான் என்று நினைத்தேன். மறுநாள் தடிப்பு இல்லை. ஆஹா, வேலை செய்கிறதே என்று அதற்கு மறுநாளும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். நான் இல்லாத இருபது மில்லிகிராமை மசித்த வாழைப்பழத்தில் மறைத்தேன்.

அடுத்த படி நூற்றிருபது. எண்பதிலிருந்து நூற்றிருபது ஒரு படி. அறுபதிலிருந்து நூற்றிருபது இரட்டிப்பு. இது எனக்குத் தெரியாதா? கணக்கு வராதவனா நான்? தெரிந்துதான் செய்தேன். இந்த வரியை மூன்று முறை அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறேன், இருக்கட்டும்.

5

சில்லுவின் அம்மா கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். நாள் முழுக்க வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, “இதுல நல்லா தெரியுதா, முன்னாடி தெரிஞ்சதா?” என்று கேட்பது வேலை. வீட்டிலும் அந்தக் கேள்விதான். குழம்புக்கும் அதுவே, திரைச்சீலைக்கும் அதுவே.

நான் எழுதுவதை முதலில் வாசிப்பவள் அவள். மருத்துவமனைக்குப் போவதற்கு முந்தைய நாள் இரவு, மேசையில் கிடந்த அந்த இரண்டாம் தொடக்கத்தை, நடுங்கும் கைத் தாயை, ஆறு பக்கமும் வாசித்துவிட்டாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது தவளைக்கு மட்டும் இல்லை.

நன்றாக இருக்கிறது என்றாள். அந்தத் தாய்க் கதாபாத்திரம் உயிரோடு இருக்கிறதாம். பிறகு தாள்களை அடுக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

“இதுல அம்மா மாவைக் குறைக்கறா. நான் குறைக்கலை. நம்ம வீட்ல நிறுக்கறது ரெண்டே பேர். அப்ப யாரு?”

கதைதானே, கற்பனை என்று ஆரம்பித்தேன்.

“கற்பனைல இருபது மில்லிகிராம்னு துல்லியமா வராதுங்க.”

குழாயை மூடினேன். சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. நோட்டை எடுத்து, அந்தப் பன்னிரண்டு எண்பதையும் விரலால் தொட்டுக்கொண்டே போனாள்.

“பயந்தீங்க, சரி. எனக்கும்தான் பயம். ஆனா பழியை எதுக்கு என் மேல எழுதினீங்க?”

எழுத்தாளன் தன்னை மறைத்துத்தான் எழுதுவான், அது இது என்று ஒரு பத்தி இங்கே வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் அவளும் விடுப்பு எடுத்து வருவதாகச் சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லையென்றால் அவள் திறப்பாளாம்.

6

மருத்துவமனை. காலை, ஒவ்வாமைப் பிரிவு. தரையில் ஒட்டிய மஞ்சள் பாதச் சுவடுகளில் கால் வைத்துக் குழந்தைகள் நடக்கிறார்கள். வழியில் மூன்று முடிவுகளை யோசித்துக்கொண்டு வந்தேன்.

முடிவு ஒன்று: யாரும் எதுவும் சொல்வதில்லை. நூற்றிருபது கொடுக்கிறார்கள். ஒன்றும் ஆவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. பன்னிரண்டு நாளும் நான் இதைத்தான் மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன்.

முடிவு இரண்டு: யாரும் எதுவும் சொல்வதில்லை. நூற்றிருபது கொடுக்கிறார்கள். நாற்பதாவது நிமிடத்தில் விசில்

இல்லை. இதை எழுத என் கை வராது.

முடிவு மூன்று: அவள் அம்மா சொல்கிறாள், நான் தலையைக் குனிகிறேன். அவள் கதைநாயகி ஆகிவிடுவாள், நான் தப்பித்துவிடுவேன். கோழைக்கு ஏற்ற முடிவு.

நடந்தது எதுவும் இந்த மூன்றில் இல்லை. நர்ஸ் நோட்டைப் புரட்டினார். ஒழுங்காக எழுதியிருக்கிறீர்கள் என்று என்னைப் பாராட்டவும் செய்தார். வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்: எல்லா நாளும் முழு அளவு உள்ளே போனதா, மிச்சம் வைத்தாளா?

நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் கட்டிலில் காலை ஆட்டிக்கொண்டிருந்த சில்லு சொன்னாள்.

“நான்தான் மிச்சம் வச்சேன், நர்ஸக்கா. அப்பாவுக்குத் தெரியாது.”

என் மனைவி என்னைப் பார்த்தாள். என் பழியை நான் அவள்மீது எழுதினேன். இதோ என் மகள், யாரும் கேட்காமலே அதைத் தன்மீது எடுத்து வைத்துக்கொண்டாள். உடைந்த பல் தெரிய நர்ஸைப் பார்த்துச் சிரிக்க வேறு செய்தாள்.

“அவ பொய் சொல்றா. குறைச்சது நான். பன்னெண்டு நாளும் அறுபதுதான் குடுத்தேன்.”

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தார். டாக்டரைக் கூட்டிவந்தார். மறுபடி முழுவதும் சொன்னேன், தடிப்பு, வயிற்றுவலி, கூப்பிடாதது எல்லாம். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “நல்லவேளை” என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு நூற்றிருபதைத் திருப்பி அனுப்பினார். எண்பதையே இன்று இங்கே, அவர்கள் கண்முன்னால் கொடுத்துப் பார்ப்பதாக முடிவு. எல்லாம் ஆறு வாரம் தள்ளிப்போகும். சில்லு விரல்விட்டு எண்ணினாள். புது வகுப்பு தொடங்கும்போது கதவோர நாற்காலிதான். அழவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று காதோரமாகக் கேட்டேன்.

“தராசுல அறுபதுன்னு வரும், நீ நோட்டுல எண்பதுன்னு எழுதுவே. நான் தினமும் பாத்தேன்பா. எடை குறைச்சா பூட்டிடுவாங்கன்னு நீதானே சொன்னே. உன்னைப் பூட்டிட்டா?”

நான் அவளை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்துக் கட்டில் பையன் வேடிக்கை பார்த்தான், பார்க்கட்டும்.

7

இப்போது நேரம் பதினொன்று. எண்பது உள்ளே போனது ஒன்பது ஐம்பதுக்கு. நிறுத்தது நர்ஸ், நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. (பார்த்தேன். எண்பதேதான்.) அவள் அம்மா மருந்துப் பிரிவில் புதுப் பொட்டலங்களுக்கு வரிசையில் நிற்கிறாள். மாவு டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. நோட்டு இனிச் சில்லுவிடம். இனி நீதான் எழுத வேண்டும் என்று நர்ஸ் அவளிடம் கொடுத்துவிட்டார். கட்டிலில் முழங்காலை மேசையாக்கி எழுதுகிறாள். எட்டிப் பார்க்கிறேன்:

“80. உன்மையான 80. கழுத்துல ஒரு தடவ அரிச்சுது. சட்ட லேபிள்னு நெனைக்கறேன். சரியா தெரியல.”

எழுத்துப் பிழையைத் திருத்தவில்லை. என் நோட்டு முழுக்க ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

லேபிளா, மருந்தா? எனக்கும் தெரியவில்லை. கழுத்து லேசாகச் சிவந்திருக்கிறது. விளக்கு வெளிச்சத்துக்கும் அப்படித் தெரியும். நர்ஸிடம் சொல்லிவிட்டேன், வந்து பார்த்தார், பத்து நிமிடத்தில் மறுபடி பார்ப்பதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.

இன்னும் ஐம்பது நிமிடம் இருக்கிறது. முடிவை நீங்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் தொடக்கத்தில் உங்களுக்கும் எடை குறைத்துத்தான் கொடுத்தேன். பார்த்துக்கொண்டே எழுதுகிறேன் என்றேன் அல்லவா? தலையைக் குனியாமல் எழுத முடியாது. இத்தனை நாள் சாயங்காலமும் ஒவ்வொரு வரிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நான் அவளைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். அவள்தான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நீள மேசையை வேண்டுமானால் வையுங்கள். பயத்தில் எதையும் தட்டிவிட்டு மட்டும் எழுதாதீர்கள். நான் பேனாவை மூடப்போகிறேன். சில்லு கையை மறுபடியும் கழுத்துக்குக்